சகாப்தம்: ஒரு நாடோடி மக்களின் எஞ்சிய பெயர்

பெரியவர் ஒருவர் மறைந்துவிட்டால், இரங்கற் கூட்டத்தில் பேசுவோர் 'ஒரு சகாப்தம் முடிவுற்றது' என்று கூறுவது நம் வழக்கம். அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போர் அரியர். 'சக', 'அப்தம்' என்னும் இரு வடசொற்கள் இணைந்து உருவானதே சகாப்தம். அப்தம் என்றால் ஆண்டு. சகர் என்பது ஓர் இனத்தின் பெயர். ஆக, 'சகரின் ஆண்டு' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நடு ஆசியப் புல்வெளிகளில் குதிரைமீதும் வண்டிமீதும் வாழ்ந்த நாடோடி மக்கள் அவர்கள். கிரேக்கர் அவர்களைச் சித்தியர் என்றனர். பாரசீகர் சகர் என்றனர். அவர்களது அரசு இன்று இல்லை, மொழி இல்லை, தம்மைச் சகர் என்று சொல்லிக்கொள்ளும் மக்களும் இல்லை. ஆயினும் அவர்கள் பெயரை நாம் நாள்தோறும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்பெயர் நம்மை வந்தடைந்த வழியை அறிய விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டமும், 2001இல் உருவாகி, மறு ஆண்டே பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனித்த அரியலூர் மாவட்டமும் இதற்குப் போதிய களமாகும். அரியலூர் மாவட்டத்திலே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்திலே வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும், வெள்ளாற்றங்கரையில் நம்மவர் மிகுதியாக வாழும் லப்பைக்குடிக்காடும் இருக்கின்றன. இவ்வூர்களின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுத முற்படும் எவரும், எங்கோ ஒரு கட்டத்தில், அந்தப் புல்வெளி மக்களின் பெயர் தாங்கிய ஆண்டுக் கணக்கை நாடியே தீர வேண்டும். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சகர் யாவர்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் சித்தியரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த அவர்களுக்கு நகரமும் மதிலும் இல்லை, வண்டிகளே வீடுகள், குதிரைமீதிருந்து அம்பெய்வதில் வல்லவர்கள். பாரசீகப் பேரரசர் தாரியூஸ் படையெடுத்து வந்தபோது, அவர்கள் நேர்நின்று போரிடாமல் பின்வாங்கிக்கொண்டே சென்று அவரது படையைக் களைப்படையச் செய்தனர். பாரசீகர் எல்லாச் சித்தியரையும் சகர் என்றே அழைப்பர் என்றும் அவர் குறித்துள்ளார்.

அக்கூற்றைத் தாரியூஸின் கல்வெட்டுகளே உறுதிசெய்கின்றன. கூர்முனைத் தொப்பி அணிந்த சகர், ஹவ்ம பானம் செய்யும் சகர், கடலுக்கு அப்பாலுள்ள சகர் என அவை பல பிரிவினரைச் சுட்டுகின்றன. பெஹிஸ்தூன் மலைப்பாறையில் கைகள் கட்டப்பட்டு நிற்கும் கைதிகளின் வரிசையில், உயரமான கூம்புத் தொப்பியுடன் இறுதியாக நிற்பவன் ஸ்குங்கா என்னும் சகர் தலைவனாவான். 1969இல் கஜகஸ்தானின் இஸ்ஸிக் என்னுமிடத்தில் அகழ்ந்த புதைமேட்டில், பொன் தகடுகள் பதித்த ஆடையும் அதே போன்ற உயர்ந்த தொப்பியும் கிடைத்தன. அல்தாய் மலையின் பஸிரிக் புதைமேடுகளிலோ, உள்ளே புகுந்த நீர் பனியாக உறைந்தமையால், கம்பளமும் கம்பளியாடைகளும், பச்சை குத்திய உடல்களும்கூட அழியாமல் நம் காலம் வரை வந்தன.

திருக்குர்ஆன் விரிவுரையாளர்களும் இம்மக்களைப் பற்றிச் சிந்தித்துள்ளனர். மாகோகின் வழிவந்தோரையே கிரேக்கர் சித்தியர் என அழைத்தனர் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோஸிபஸ் எழுதினார். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தமது தர்ஜுமானுல் குர்ஆனில், துல்கர்னைன் என்பவர் பாரசீகப் பேரரசர் ஸைரஸே என்றும், யஃஜூஜ் மஃஜூஜ் என்பது வடகிழக்குப் புல்வெளிகளிலிருந்து அலையலையாகக் கிளம்பிய நாடோடி இனங்களைக் குறிக்கும் என்றும், சித்தியர் அவற்றுள் ஓர் அலையே என்றும் கருதினார். இக்கருத்தை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. நாகரிக நாடுகளின் எல்லைகளில் இம்மக்கள் எத்தகைய அச்சத்தை விளைவித்தனர் என்பதை இவ்விவாதமே காட்டுகிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கே அத்தகைய அச்சம் நேர்ந்தது. சீன எல்லையில் ஸியோங்னு என்போர் யூச்சி என்போரைத் துரத்தினர். யூச்சிகள் மேற்கே நகர்ந்து இலி ஆற்றுப் பகுதியிலிருந்த சகரைத் துரத்தினர். சகர் தெற்கே இறங்கினர். ஒரு பிரிவினர் இன்றைய ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் பகுதியில் தங்கினர். அந்நிலம் 'சகஸ்தான்' என அழைக்கப்பட்டது. அரபுகளின் நாவில் அது 'ஸிஜிஸ்தான்' ஆயிற்று. பின்னர் 'ஸீஸ்தான்' ஆயிற்று. ஆறு ஸஹீஹான ஹதீஸ் தொகுப்புகளில் ஒன்றைத் தொகுத்த இமாம் அபூதாவூத் அஸ்ஸிஜிஸ்தானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 202இல் பிறந்து 275இல் மறைந்தவர்கள். நம் மத்ரஸாக்களில் அன்னாரின் முழுப்பெயர் ஓதப்படும் ஒவ்வொரு முறையும், அதன் இறுதியில் அந்தப் பழைய நாடோடிகளின் பெயரும் ஒலிக்கிறது.

மறைந்த மொழியின் எச்சங்கள்

சித்தியர் மொழியில் எழுதப்பட்ட நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிரேக்க நூல்களிலும், கருங்கடற்கரைக் கல்வெட்டுகளிலும் காணப்படும் ஆட்பெயர்கள், இடப்பெயர்கள், ஆற்றுப்பெயர்கள் ஆகியவையே எஞ்சியுள்ளன. இவற்றைக் கொண்டு அம்மொழி ஈரானிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தது என அறிஞர் நிறுவினர். பஷ்தூ மொழியும் அதே கிளையைச் சேர்ந்ததே. டான், டினீப்பர், டினீஸ்டர், டான்யூப் ஆகிய ஆறுகளின் பெயர்களில் உள்ள 'டான்' என்னும் கூறு, ஆறு எனப் பொருள்படும் 'தானு' என்ற பழைய ஈரானியச் சொல்லோடு தொடர்புடையது. காகசஸ் மலைப்பகுதியில் இன்றும் பேசப்படும் ஒஸ்ஸெட்டிய மொழியில் 'தோன்' என்றால் தண்ணீர். சித்தியரின் உறவினரான ஸர்மாத்தியர், ஆலானியர் ஆகியோரின் மொழிவழி வந்தது அது.

கிழக்குச் சகரின் மொழிக்கு மட்டும் நற்பேறு வாய்த்தது. இன்றைய சீனாவின் மேற்குப் பாலைவனத்தில் உள்ள கோத்தன் என்னும் சோலை நாட்டில் அம்மொழி எழுத்துவடிவம் பெற்றது. 1900ஆம் ஆண்டுக்குப் பின் ஆரல் ஸ்டைன் முதலியோர் மணலிலிருந்தும், துன்ஹுவாங் குகையிலிருந்தும் கொணர்ந்த ஏடுகளில் பௌத்த நூல்களும், மருத்துவ நூல்களும், கடிதங்களும், கணக்குகளும் இருந்தன. அவற்றை ஆராய்ந்து ஹெரால்ட் பெய்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1979இல் கோத்தன் சக மொழிக்கு ஓர் அகராதியே வெளியிட்டார்.

அவ்வகராதியில் காணும் ஒரு சொல் எண்ணத்தைத் தூண்டுவது. சூரியனைக் குறிக்கும் கோத்தன் சொல் 'உர்மஸ்தே'. பழைய ஈரானியர் தம் பெருந்தெய்வத்துக்கு இட்ட 'அஹுரமஸ்தா' என்னும் பெயரே அவ்வாறு மருவிற்று. மக்கள் பௌத்தராயினர், பழைய தெய்வம் மறக்கப்பட்டது, அதன் பெயர் மட்டும் ஞாயிற்றின் பெயராய் வழக்கில் நிலைத்தது. குதிரையைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே பாடம் புகட்டும். வடமொழியில் 'அசுவ', அவெஸ்தாவில் 'அஸ்ப', பாரசீகத்தில் 'அஸ்ப்', கோத்தன் சக மொழியில் 'அஸ்ஸ'. ஒரே வேரின் கிளைகள் இவை.

கோத்தன் சகர் தம் மொழியை இந்தியாவின் பிராமி எழுத்தில் எழுதினர். அங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. அரபியின் 'ஸாய்' எழுத்துக்குரிய ஒலி அவர்கள் பேச்சில் மிகுதி. பிராமியிலோ அதற்கு எழுத்தில்லை. எனவே 'ய' எழுத்தையும் 'ஸ' எழுத்தையும் சேர்த்து ஒரு கூட்டெழுத்தாக்கி அவ்வொலியைக் குறித்தனர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது செய்ததும் இதுவே அன்றோ! அரபியில் இல்லாத ட, ப, ள, ங, ஞ போன்ற ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை உருவாக்கினர், அரபுத்தமிழ் பிறந்தது. ஒரு மக்கள் தம் நாவொலியை விட்டுக்கொடாமல் பிறர் எழுத்தை ஏற்கும்போது நிகழ்வது இதுதான்.

இந்தக் கூட்டெழுத்து வரலாற்றாய்வுக்கு ஒரு பெரும் சான்றாயிற்று. குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்ட மேலைச் சத்ரபர்களின் முன்னோரான ஒருவரின் பெயர் நாணயங்களில் இதே கூட்டெழுத்துடன் தொடங்குகிறது. 'ஸமோதிக' என 'ஸாய்' ஒலியுடன் அதைப் படிக்க வேண்டும். கோத்தனுக்கும் குஜராத்துக்கும் இடையே மலைகளும் பாலைகளும் கிடக்கின்றன. ஆயினும் இரு நாட்டு எழுத்தரும் ஒரே ஒலிக்கு ஒரே உத்தியைக் கையாண்டுள்ளனர். குஜராத்தை ஆண்டோர் சகரே என்பதற்கு அவர்களின் எழுத்தே சாட்சியாயிற்று.

கி.பி. 1006 அளவில் துருக்கியரான கராகானிய மன்னர் யூஸுப் காதிர் கான் கோத்தனைக் கைப்பற்றினார். அடுத்து வந்த தலைமுறைகளில் சக மொழி துருக்கி மொழிக்கு இடம் விட்டு மறைந்தது. அம்மறைவை நேரில் கண்டு எழுதியவர் ஒரு முஸ்லிம் அறிஞரே. 1070களில் திவானு லுகாத்தித் துர்க் என்னும் துருக்கிய மொழி அகராதியை அரபியில் இயற்றிய மஹ்மூத் அல்காஷ்கரீ, கோத்தன் மக்களுக்குத் தனி எழுத்தும் தனி மொழியும் உண்டு என்றும், அவர்கள் துருக்கியை நன்கு அறியார் என்றும் குறித்துள்ளார். தந்தையைக் குறிக்கும் 'அத்தா' என்னும் துருக்கிச் சொல்லை அவர்கள் 'ஹத்தா' என்று ஒலிப்பர் என்றும் அவர் பதிந்தார். ஒரு மொழி மறையும்போது அதன் உச்சரிப்பு, வந்த மொழியின்மேல் சிறிது காலம் தங்கிச் செல்வதைக் காட்டும் நுட்பமான குறிப்பு இது.

தமிழ் 'சித்திய மொழி' ஆன கதை

சித்தியர் என்னும் பெயர் தமிழாய்வில் ஒரு குழப்பத்தையும் விளைத்துள்ளது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு உறவுடையவை என வாதிட்டார். இதைப் படித்த பிற்காலத்தவர் சிலர், தமிழர் சித்தியர் வழிவந்தோர் என்றே பொருள் கொண்டனர். ஆனால் கால்டுவெல் காலத்து ஐரோப்பியர் 'சித்தியம்' என்றது பின்னிஷ், துருக்கி, மங்கோலியம் முதலியவற்றையே. ஹெரோடோட்டஸ் கண்ட சித்தியரின் மொழியை அன்று.

கால்டுவெலின் வாதத்தில் கருத்துக்குரிய பகுதி உண்டு. துருக்கியில் 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெர்தே' என்றால் வீடுகளில். தமிழின் வீடு, கள், இல் என்னும் அடுக்கும் அதே வரிசையில் அமைவதைக் காணலாம். ஆனால் அமைப்பு ஒத்திருத்தல் வேறு, குருதியுறவு வேறு. ஒட்டுநிலை மொழிகள் பலவும் ஒன்றோடொன்று தொடர்பின்றியே இவ்வாறு அமைகின்றன.

மற்றொரு சான்று முற்றிலும் வழி தவறியது. பெஹிஸ்தூன் கல்வெட்டு மூன்று மொழிகளில் அமைந்தது. அவற்றுள் ஒன்றை 1853இல் எட்வின் நாரிஸ் 'சித்திய மொழிப் பாடம்' என வெளியிட்டார். கால்டுவெல் அதனைத் தமக்குத் துணையாகக் கொண்டார். அது உண்மையில் தென்மேற்கு ஈரானின் ஏலாமிய மொழி எனப் பின்னர் தெளிவாயிற்று. மெய்யான சித்தியரின் மொழியோ பாரசீகத்தின் நெருங்கிய உறவு. துருக்கிக்கும் தமிழுக்கும் இனமன்று. பின்வந்த ரிஸ்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து 'சித்திய திராவிடர்' என ஓர் இனத்தையே வகுத்தார். இன்றைய ஆய்வு அவ்வகுப்பைக் கைவிட்டுவிட்டது. ஒரு பெயரைப் பொருளறியாது கையாண்டால் அது மக்களை எங்கெல்லாம் கொண்டு நிறுத்தும் என்பதற்கு இது நல்ல படிப்பினை.

வந்தேறியரும் வடமொழியும்

இந்தியாவுக்குள் வந்த சகர் தட்சசீலம், மதுரா, சிந்து, குஜராத், மாளவம் ஆகிய பகுதிகளில் ஆட்சி அமைத்தனர். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், சிந்துவின் கீழ்ப்பகுதியைச் சித்தியா என்றே குறிக்கிறது. அதே நூல் நம் முசிறியையும் பேசுகிறது. இவர்களுள் நீண்டகாலம் ஆண்டவர் மேலைச் சத்ரபர். அவ்வமிசத்தைத் தொடங்கிய சஷ்டனரும் அவருடைய பேரர் ருத்ரதாமனும் குறிப்பிடத்தக்கோர்.

கத்தியவாரின் ஜூனாகட் பாறையில் ருத்ரதாமன் கி.பி. 150இல் பொறித்த கல்வெட்டு, புயலில் உடைந்த சுதர்சன ஏரியைச் செப்பனிட்டதைக் கூறுகிறது. மக்கள்மீது புதிய வரியோ கட்டாய வேலையோ சுமத்தாமல் அப்பணி முடிந்ததென்கிறது. செய்து முடித்த அதிகாரி சுவிசாகர் ஒரு பகலவர், அதாவது ஈரானிய மரபினர். அதே பாறையில் அசோகரின் கட்டளைகளும் உண்டு. ஆனால் அவை பிராகிருதத்தில் உள்ளன. நீண்ட, செம்மையான வடமொழி உரைநடையில் அமைந்த முதற் பெருங்கல்வெட்டு ருத்ரதாமனுடையதே. வடமொழியை அரசவையின் கல்வெட்டு மொழியாக்கிய முன்னோடிகளுள் ஒருவர், புல்வெளியிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

சகருக்கும் சாதவாகனருக்கும் போரும் உண்டு, மணவுறவும் உண்டு. ருத்ரதாமனின் மகளைச் சாதவாகன மன்னர் ஒருவர் மணந்ததாகக் கன்ஹேரிக் கல்வெட்டு வழி அறிகிறோம். சத்ரபர்களின் வெள்ளி நாணயங்களில் மன்னரின் தலையுருவமும், அதன் பின்னே ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைப் பின்பற்றிச் சாதவாகனரும் தலையுருவம் தாங்கிய வெள்ளி நாணயங்களை வெளியிட்டனர். அவற்றின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்க எழுத்தைத் தமிழ் என இரா. நாகசாமி, ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் படித்துள்ளனர். 'மகனுக்கு' என்னும் வடிவம் அதில் தென்படுகிறது. சகர் வகுத்த நாணய உருவில் தமிழ் ஏறிய காட்சி அது.

கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டைக் குஷாணப் பேரரசர் கனிஷ்கர் தோற்றுவித்தார் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. கனிஷ்கரின் முதலாண்டு கி.பி. 127 அளவில் அமைவதாக இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியபின், சஷ்டனரின் ஆட்சியாண்டே அதன் தொடக்கம் என்னும் கருத்து வலுப்பெற்றது. தந்தையின் ஆட்சியாண்டை மகன் புதிதாகத் தொடங்காமல் தொடர்ந்து எண்ணினார், பேரரும் தொடர்ந்தார், எண்ணிக்கை அறாமல் நிலையான ஆண்டாயிற்று. உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் வகுக்கப்பட்ட ஹிஜ்ரி ஆண்டோ எந்த ஆட்சியாளரின் முடிசூட்டிலிருந்தும் தொடங்காமல், ஒரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணப்பட்டது. தொடக்கம் வேறாயினும் பயன் ஒன்றே: மன்னர் மாண்டாலும் எண்ணிக்கை மாளாது.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் குப்தர்கள் சத்ரபர்களை வீழ்த்தினர். ஆனால் உஜ்ஜயினியின் வானியலார் சக ஆண்டிலேயே கணித்தனர். சமண ஆசிரியர்கள் அதைத் தெற்கே கொணர்ந்தனர். சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பல்லவ மன்னர் சிம்மவர்மனின் ஆட்சியில் முடிக்கப்பட்ட லோகவிபாகம் என்னும் சமண நூல், கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் எழுதப்பட்டதென்பர். சாளுக்கியர் 6ஆம் நூற்றாண்டில் வாதாபியில் அதைக் கல்லில் பொறித்தனர். பின்னாளில் சகரோடு போரிட்ட சாதவாகனரின் பெயரே 'சாலிவாகன சகாப்தம்' என அதனோடு ஒட்டிக்கொண்டது. வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் ஒரே தொடரில் அடங்கிய விந்தை அது.

கங்கைகொண்ட சோழபுரமும் கஸ்னாவும்

சோழர் தம் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆட்சியாண்டையே பொறித்தனர். 'யாண்டு 5' என்றால் எந்த மன்னரின் ஐந்தாம் ஆண்டு, அது எந்த நூற்றாண்டு என்னும் வினா எழும். கங்கைகொண்ட சோழபுரத்தின் கற்களைப் படிப்போரும் இதே வினாவை எதிர்கொள்வர். அதனைத் தீர்க்கும் திறவுகோல்களுள் ஒன்று கன்னட நாட்டில் கிடைத்தது. காவிரிக்கரையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த பலமுரிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சக ஆண்டு 934 என்கிறது. 934உடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 1012. அதிலிருந்து 27 ஆண்டு பின்னோக்கினால் அவர் ஆட்சி 985இல் தொடங்கியது தெளிவாகும். மகன் இராசேந்திரனின் காலமும், அவர் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தின் காலமும் இக்கணக்கோடு பிணைந்தவை.

இராசேந்திரன் அங்கிருந்து ஆண்ட அதே நாள்களில், கஸ்னா நகரில் அபூரைஹான் அல்பிரூனீ தமது கிதாபுல் ஹிந்த் நூலை எழுதினார். இந்தியரின் பல்வேறு ஆண்டு முறைகளை ஒப்பிட, பாரசீகரின் யஸ்தஜிர்த் ஆண்டு 400ஐ அளவுகோலாகக் கொண்டார். அது ஹிஜ்ரி 422, சக ஆண்டு 953, கி.பி. 1031. 'சக காலம்' பற்றி அவர் விசாரித்தபோது, சகன் என்பவன் ஒரு கொடுங்கோலன் என்றும், விக்கிரமாதித்தனால் கொல்லப்பட்டவன் என்றும், மேற்கிலிருந்து வந்த அந்நியன் எனச் சிலர் கருதுவர் என்றும் அவருக்குக் கூறினர். ஓர் இனம் ஒரு தனிமனிதனாகவும், வரலாறு கதையாகவும் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

இதில் ஆழ்ந்த ஒரு பொருத்தம் உண்டு. அல்பிரூனீயின் தாய்மொழி அரபியும் அன்று, பாரசீகமும் அன்று, குவாரிஸ்மிய மொழியாகும். அது கிழக்கு ஈரானியக் கிளையைச் சேர்ந்தது. சக மொழியின் உறவு. அதுவும் பின்னர் மறைந்துபோயிற்று. அவர் 1000ஆம் ஆண்டளவில், 'சென்ற காலங்களின் எஞ்சிய சுவடுகள்' எனப் பொருள்படும் அல்ஆஸாருல் பாக்கியாவில் பற்பல சமுதாயங்களின் நாள்காட்டிகளைத் தொகுத்தபோது, குவாரிஸ்மிய மாதப் பெயர்களையும் பதிந்து வைத்தார். அதனால்தான் அவை இன்று நமக்குத் தெரிகின்றன.

சூரியனில் நின்ற ஹிஜ்ரி, சந்திரனில் ஏறிய சகம்

பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரம், 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியின் இருப்பிடமாக விளங்கியது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கால்கொள்ள இடமளித்தவர் அவரே. 1677இல் சிவாஜியிடம் தோல்வியுற்றார். அக்காலத்தில் இப்பகுதியில் ஒரே நிகழ்ச்சியை அரசு ஆவணம் ஹிஜ்ரியிலும், கோயிற் கல்வெட்டு சாலிவாகன சகாப்தத்திலும், ஐரோப்பியர் தம் ஆண்டிலும் குறிக்க வாய்ப்பிருந்தது. இவற்றுக்கிடையே மற்றோர் ஆண்டும் வந்தது, அதுவே பசலி.

ஹிஜ்ரி சந்திர ஆண்டு. அறுவடையோ சூரியனைப் பின்பற்றுவது. எனவே வரி வசூலுக்காக ஹிஜ்ரி எண்ணை எடுத்துச் சூரிய ஆண்டில் நிறுத்தினர். அக்பர் காலத்தில் வடக்கே தோன்றிய இம்முறை, ஷாஜஹான் காலத்தில், 1636இல், ஹிஜ்ரி 1046ஐ அடிப்படையாகக் கொண்டு தக்காணத்துக்கு வந்தது. தமிழகத்தில் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் ஜமாபந்தி இந்தப் பசலிக் கணக்கிலேயே அமைகிறது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை பசலி 1433.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜாவாவில் இதற்கு நேர்மாறான செயல் நிகழ்ந்தது. சக ஆண்டு அங்கே முன்னரே சென்றிருந்தது. சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தில், நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் பொறித்த கல்வெட்டும் 'சகரை யாண்டு' 1010ஐ, அதாவது கி.பி. 1088ஐக் குறிக்கிறது. அரபுகள் 'ஃபன்ஸூர்' என அழைத்துக் கற்பூரம் வாங்கிய ஊர் அதுவே. 1633இல் மத்தாராம் அரசர் சுல்தான் ஆகுங், சக ஆண்டு 1555 என்னும் எண்ணை நிறுத்தாமல், மாதங்களையும் ஆண்டின் நீளத்தையும் ஹிஜ்ரி முறைக்கு மாற்றினார். ஹிஜ்ரி 1043 முஹர்ரம் முதல் நாள் அதன் தொடக்கம்.

இங்கே ஹிஜ்ரி எண் சூரியனில் நின்றது. அங்கே சக எண் சந்திரனில் ஏறியது. சுமார் 33 சந்திர ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்கு ஈடு. ஆகவே 390 ஆண்டுகளில் இரண்டும் தத்தம் மூலத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 ஜூலையில் ஹிஜ்ரி 1445 பிறந்தபோது பசலி 1433, வேறுபாடு 12. அப்போது ஜாவானிய ஆண்டு 1957, சக ஆண்டு 1945. வேறுபாடு அதே 12. ஒன்றையொன்று அறியாத இரு அரசுகள் செய்த மாற்றங்கள் கண்ணாடியில் தெரியும் உருப்போல ஒத்திருக்கின்றன.

சுதந்திர இந்தியா மேக்நாத் சாஹா தலைமையில் 1952இல் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. முப்பது வகைக்குமேல் வழங்கிய பஞ்சாங்கங்களை ஆராய்ந்த அக்குழு, சக ஆண்டையே தேசிய ஆண்டாகப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22ஆம் நாள், சகம் 1879 சைத்திரம் 1 ஆக அது நடைமுறைக்கு வந்தது. அந்நியர் எனக் கதையில் இகழப்பட்டவரின் பெயர் இந்திய அரசிதழின் தேதியில் அமர்ந்தது. யார் வந்தேறியர், யார் மண்ணின் மைந்தர் என்று எளிதாகக் கோடு கிழிப்போர், அரசிதழின் முதற்பக்கத்தை ஒருமுறை நோக்குதல் நலம்.

இவ்வளவும் கூறியதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் புதுப்பிக்கும்போது, எழுத்துள்ள கற்கள் சுண்ணாம்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் அடியில் மறைகின்றன; சில தரைக்கற்களாகவும் ஆகிவிடுகின்றன. வீட்டுப் பெட்டகங்களில் உள்ள பழைய சாசனங்களும் பத்திரங்களும் படிப்பாரின்றிச் செல்லரிக்கின்றன. ஒரு கல்லில் ஓர் எண்ணைக் கண்டால், அது எந்த ஆண்டு முறை என்பதை முதலில் வினவ வேண்டும். சக ஆண்டாயின் 78ஐயும், பசலியாயின் 590ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிட்டும். ஹிஜ்ரிக்கு ஒப்பீட்டு அட்டவணை உண்டு. 1100 என்னும் ஒரே எண், சகமாயின் 1178ஐயும், ஹிஜ்ரியாயின் 1688ஐயும் குறிக்கும். ஐந்நூறு ஆண்டு வரலாறு அவ்வொரு வினாவில் தங்கியிருக்கிறது.

சகர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கவில்லை. ஹெரோடோட்டஸும் காஷ்கரீயும் அல்பிரூனீயும் பதிந்தவை கொண்டும், மணல் காத்த ஏடுகளைக் கொண்டுமே அவர்களை அறிகிறோம். நம் ஊர்களின் கற்களும் ஏடுகளும் நம் கையிலேயே இருக்கின்றன. வண்ணம் பூசுமுன் அவற்றைப் படியெடுத்து வைப்போமாக.